மூட்டை அத்தான்

என் அக்காவின் கணவரிடம் ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு துண்டு தரமாட்டார். அலமாரியின் அந்தத் தட்டில் இருக்கிற துணி அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டிவிட்டு, "இதுக்குள்ளதான் இருக்கும், எடுத்துக்கோ" என்பார். மகளின் பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை மட்டும் கேட்டபோது, வீட்டு ஒப்பந்தம், அக்காவின் பிரசவ அறிக்கை, அவருடைய மூலத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் அடங்கிய கோப்பை அப்படியே தலைமையாசிரியையின் மேஜையில் வைத்துவிட்டு வந்த மனிதர் அவர். அந்த அம்மா மறுநாள் அக்காவைக் கூப்பிட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "உங்க வீட்டுக்காரர் காரத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லது" என்று வேறு சொன்னாராம். அக்கா வீட்டுக்கு வந்ததும் நேரே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவருக்கு மூட்டை என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். நான் வாயால் அத்தான் என்பேன், மனசுக்குள் மூட்டை என்பேன். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நியாயத் தராசைத் தூக்கிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் நம்பி ஏமாற வேண்டாம்.

வயது நாற்பத்தாறு. இடது காதுக்கு மேலே முளைத்த பதினாறு முடியை வலது காது வரை இழுத்து வாரி, தலை நிறைய முடி இருப்பதாகக் காட்டிக்கொள்வார். பதினாறு என்பது என் கற்பனை அல்ல, எண்ணியிருக்கிறேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, இரண்டிலும் மை கிடையாது. ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். "நான் நாலு நாள் லீவு போட்டா அங்க விளக்கே எரியாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் சொந்தமாக ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. எங்கிருந்தோ நகல் எடுப்பார், இங்கே ஒட்டுவார். அக்காவுக்கு அனுப்புகிற கல்யாண நாள் வாழ்த்துகூட வருடா வருடம் அதே நாலு வரிதான். ஒரு வருடம் அது "மதிப்புக்குரிய வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தது. அக்கா அதற்கும் நன்றி சொன்னாள்.

நானும் அதே தொழில்தான். இணையப் பக்கம் கட்டுகிற எங்கள் வேலையில் மூன்று பங்கு உண்டு. விவரமெல்லாம் முழுசாக இருக்கிற இடம் மாடல். ஜனங்கள் கண்ணால் பார்க்கிற பக்கம் வியூ. நடுவில் நின்று, அதிலிருந்து இதற்கு என்ன வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பது கன்ட்ரோலர். வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரைப் பற்றி மாடலில் இருபத்தேழு விவரம் இருக்கும். பெயர், முகவரி, தேர்வில் எடுத்த மதிப்பெண், பழைய கம்பெனிக்காரர் போனில் சொன்னது, உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உள்குறிப்பு, இப்படி. ஆனால் விண்ணப்பித்தவர் பார்க்கிற பக்கத்துக்கு வேண்டியது நாலே நாலு: பெயர், விண்ணப்ப எண், என்ன பதவி, இப்போது என்ன நிலை. அந்த நாலுக்கென்று ஒரு சின்ன மாடலைத் தனியாகச் செய்து, அதை மட்டும்தான் வியூவுக்கு அனுப்ப வேண்டும். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு நான் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தவள். "இதுல என்னடி இருக்கு? கண்ணாடி வெட்டறவருக்கு நாங்க சீட்டுல பவரும் ஃபிரேம் நம்பரும் மட்டும்தான் எழுதுவோம். வந்த ஆளோட வீட்டு அட்ரஸும் சர்க்கரை வியாதியும் அவருக்கு எதுக்கு?" என்றாள். அவளுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது அவள் கணவருக்குப் பத்தொன்பது வருடமாகப் புரியவில்லை.

மூட்டை என்ன செய்வார் என்றால், இருபத்தேழையும் சேர்த்துக் கட்டி வியூவின் தலையில் தூக்கி வைப்பார். வியூவுக்கு விவரம் அனுப்புவதற்கு வியூபேக் என்று ஒரு பைகூட எங்களிடம் உண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் அதில் போடலாம். பை என்று பெயர் வைத்தவர் எங்கள் அத்தானைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். திரையில் நாலு விவரம்தான் தெரியும். ஆனால் அவர் எழுதிய பக்கம் இருபத்தேழையும் எழுத்தாக மாற்றித் தன் அடியில் போட்டு வைத்திருக்கும். யாராவது மவுஸின் வலது பொத்தானை அமுக்கி, பக்கத்தின் மூலத்தைக் காட்டு என்றால் போதும், உள்ளே இருக்கிற குப்பை கூளமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஏழு வருடமாக அவர் வேலையை நான்தான் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். சாயங்காலம் நான் அக்காவைப் பார்க்க வந்தால் போதும், செருப்பைக் கழற்றுவதற்குள் மடிக்கணினியை நீட்டுவார். "இத கொஞ்சம் பாரேம்மா. எனக்குத் தெரியும், ஆனா கண்ணு வலிக்குது" என்பார். ஏழு வருடமாக அதே கண்வலி. நான் அக்காவின் முகத்துக்காகச் சரி செய்து கொடுப்பேன். மறுநாள் அங்கே போய் "ராத்திரியெல்லாம் உக்காந்து முடிச்சேன்" என்பாராம். எனக்குத் தெரிந்துதான் செய்தேன், அதனால் என் மேலும் கொஞ்சம் காறித் துப்பிக்கொள்ளலாம்.

ஒரு நாள் இந்த விண்ணப்பப் பக்கத்தையே நீட்டினார். பக்கம் திறக்க நேரமாகிறது என்று புகார். திறந்து பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன்.

"அத்தான், மாடல் மொத்தத்தையும் வியூவுக்கு அனுப்பியிருக்கீங்க. உள்குறிப்புகூட பக்கத்துல போகுது. யார் வேணும்னாலும் படிக்கலாம்."

"எங்க? திரையில எங்க இருக்கு காட்டு."

"திரையில இல்ல. அடியில இருக்கு."

"அடியில இருந்தா என்ன, ஆகாசத்துல இருந்தா என்ன? திரையில காட்டலைன்னா யாருக்கும்மா தெரியப்போகுது? உனக்கு எப்பவுமே சின்ன விஷயத்தைப் பெருசு பண்ற வியாதி."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்க வாய் வரை வந்தது. அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள், அடக்கிக்கொண்டேன். நாலு விவரம் மட்டும் போகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி மூட்டையைக் கட்டிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நாளைக்கு இன்னொரு விவரம் வேணும்னா மறுபடி யாரு எழுதறது?" என்றார். சோம்பேறித்தனத்துக்குக்கூட முன்யோசனை என்று பெயர் வைக்கத் தெரிந்தவர்.

பிறகு என் காலம் கெட்டது. நான் வேலை பார்த்த கம்பெனியை ஒரு வெள்ளிக்கிழமை இழுத்து மூடினார்கள். பதினோரு மாதம் வேலை இல்லை. அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டில், இஸ்திரி மேஜையும் அக்கா மகள் பாப்பாவின் சைக்கிளும் நிற்கிற பின்னறையில் பாயைப் போட்டேன். மூட்டைக்குக் கொண்டாட்டம். முன்பு வாரத்துக்கு இரண்டு நாள் வந்த கண்வலி இப்போது தினமும் வந்தது. சாப்பிடும்போது யாராவது விருந்தாளி இருந்தால், "பாவம், நம்ம வீட்லதான் இருக்கா. நாமதானே பாத்துக்கணும்" என்று என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

எனக்கு ஒரு வேலை வேண்டும். அதைவிட, ஒரு கதவு வேண்டும், உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள. இரண்டு தெரு தள்ளித் தையல்கடை மாடியில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். ஒரு ஜன்னல், தனிக் குழாய், குறுகலான மாடிப்படி. வேலைக் கடிதத்தைக் காட்டினால்தான் சாவி என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் மூட்டையின் நிறுவனத்தில் ஓர் இடம் காலியானது. என் வேலைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற இடம்.

அக்கா சாப்பாட்டு மேஜையில் அவரிடம் கெஞ்சினாள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் யாரிடமும் எதற்காகவும் கெஞ்சாத பெண்ணாக இருந்தவள். பாப்பா பிறந்து ஆறு மாதம் கழித்து மறுபடி கடைக்குப் போனபோது, யாரோ மொட்டைக் கடிதம் போட்டு அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து மேஜையில் இருந்த சிநேகிதிதான் பொறாமையில் எழுதியிருப்பாள் என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து எட்டு வருடமாக வீட்டோடு இருக்கிறாள், குரலும் இறங்கிவிட்டது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இவ திறமை உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

மூட்டை விரலை நக்கிக்கொண்டே, "என் கொழுந்தியாளுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா? மேனேஜர் மேடம்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், முடிஞ்சது. வேலை கிடைச்ச மாதிரியே வச்சுக்கோ" என்றார். அக்காவின் முகம் அப்படி மலர்ந்தது. எனக்கே ஒரு நிமிடம் வெட்கமாகிவிட்டது. மனுஷனை அநியாயத்துக்குத் திட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று நினைத்தேன். நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர்கள் நிறுவனத்துக்கு ஆள் எடுப்பதும் அவர் கட்டிய அதே பக்கத்தில்தான், அதில் விண்ணப்பம் போட்டேன். தேர்வு எழுதினேன். ஒரு வாரம் என் பக்கத்தில் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று பச்சைக் குறியோடு இருந்தது. அப்புறம் நேர்காணலுக்குத் தேதி வந்தது, காலை பதினொரு மணி.

அன்று காலை மூட்டை எட்டரைக்கே கிளம்பிப் போனார். போகும்போது, "தைரியமா வா. நான் உள்ளதான் இருப்பேன்" என்று தோளில் தட்டினார். குளித்துத் தலை வாரி, நேரத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று என் பக்கத்தைத் திறந்தேன். தேர்வில் எவ்வளவு வந்திருக்கும் என்று ஓர் ஆசை. திரையில் அது தெரியாது. ஆனால் கட்டியவர் யார் என்று எனக்குத் தெரியுமே! வலது பொத்தானை அமுக்கினேன். மூட்டை மாறவே இல்லை, இருபத்தேழும் இருந்தது. தேர்வு மதிப்பெண், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. சந்தோஷத்தில் தனியாகக் கை தட்டினேன். அதற்கு இரண்டு வரி கீழே உள்குறிப்பு, எழுதியவர் பெயரோடு.

"என் மனைவியின் தங்கை. மனநிலை சரியில்லாதவர். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்யமாட்டார். பொறுப்பான பணி எதையும் நம்பி ஒப்படைக்க இயலாது. குடும்பத்தை நெருங்கி அறிந்த காரணத்தால் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டில் சமாதானத்துக்காக நேர்காணலுக்கு மட்டும் அழைக்கவும்."

சீ என்று வாய்விட்டுச் சொன்னேன். என்னைப் பைத்தியக்காரி என்று எழுதிய கை, அரைமணி நேரம் முன்பு என் தோளில் தட்டிய அதே கை. ஏன் எழுதினார் என்று யோசிக்கக்கூடத் தேவையில்லை. நான் அங்கே போய்விட்டால் சாயங்காலம் யார் மடியில் மடிக்கணினியை வைப்பார்? பத்தொன்பது வருடப் பீற்றல் பத்து நாளில் நாறிவிடுமே! பின்னறையில் பாயோடு பாயாக நான் கிடக்கிற வரைதான் அவர் மூத்த பொறியாளர்.

போகாமல் படுத்துவிடலாம் என்று தோன்றியது. தையல்கடை மாடியின் ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசல் வரை வந்து, "அவர் இருக்கார், பயப்படாத" என்றாள்.

நேர்காணல் அறையில் நீள மேஜை, சுவரில் பெரிய திரை. மேனேஜர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூட்டை, பதினாறு முடியும் எண்ணெய் பளபளக்க. "சொந்தக்காரப் பொண்ணுங்கறதால நான் எதுவும் கேக்கப்போறதில்ல மேடம். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். அரிச்சந்திரன் தோற்றான்.

அந்த அம்மாவுக்கு என்னை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும், அது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு கேள்வி சும்மா கேட்டார். பிறகு காகிதத்தைப் பார்த்தபடி, "உங்களால தொடர்ந்து வர முடியுமா? மூணு நாள் வந்துட்டு நின்னுட மாட்டீங்களே?" என்றார்.

"மூணு நாள்னு நீங்க எங்க மேடம் படிச்சீங்க?"

அவர் நிமிர்ந்தார். மூட்டை கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் இன்னைக்குக் காலையில அதைப் படிச்சேன் மேடம். உங்க இணையதளத்துலதான். அந்தத் திரையில என் பக்கத்தைக் காட்டலாமா?"

மடிக்கணினியைத் திரையில் இணைத்தேன். முதலில் பச்சைக் குறியும் நாலு விவரமும் வந்தது. அப்புறம் அடியைக் காட்டினேன். சுவர் அகலத்துக்கு என் முகவரி, மதிப்பெண், பழைய கம்பெனிக்காரர் சொன்னது, மனநிலை சரியில்லாதவர். மேனேஜர் அம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"இது... இது விண்ணப்பிச்ச எல்லாருக்கும் இப்படித் தெரியுதா?"

"எல்லாருக்கும் போகுது மேடம். யார் யார் பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தளத்தை வாங்கின மத்த கம்பெனிகளோட ஆட்களுக்கும் இப்படித்தான் போகும்."

அவர் மெதுவாகத் திரும்பினார். "இந்தப் பக்கம் நீங்க தனியா கட்டினதுன்னுதானே போன வருஷம் விருது வாங்கினீங்க?"

மூட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. "அது வந்து... டீம் வொர்க் மேடம்" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து டீம் என்ற சொல் வந்தது அன்றுதான்.

"இதைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ரெண்டு வாரம்..." என்று ஆரம்பித்தார் மூட்டை.

"உங்களைக் கேக்கறேன்" என்று என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் மேடம்."

மூட்டையின் நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் அம்மா, அவருக்குப் பின்னால் மூட்டை. முன்பு நான் எழுதிக் கொடுத்து அவர் தூக்கிப் போட்டதையே மறுபடி எழுதினேன். நாலு விவரத்துக்கு ஒரு சின்ன மாடல், கன்ட்ரோலரில் அந்த நாலை மட்டும் எடுத்து நிரப்புகிற வரிகள், வியூ கையில் அது மட்டும். மொத்தம் இருபது நிமிடம் ஆனது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து காட்டினேன். பெயர், எண், பதவி, நிலை, வேறொன்றும் இல்லை. "மத்த பக்கத்தையெல்லாம் இதே மாதிரி பாக்கணும். ஐம்பது அறுபது இருக்கும்" என்றேன்.

"மூணு நாள்ல முடியாதுல்ல?" என்றார் அந்த அம்மா. முதல் தடவையாகச் சிரித்தார். "ஆறு மாசத்துக்கு ஒப்பந்தம் போடறேன். அதுக்கப்புறம் பாக்கலாம். திங்கட்கிழமை வாங்க." மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கடிதம் கையில் வந்தது, அது போதும்.

மூட்டை படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை பாருங்கள்.

"அது உள்குறிப்பும்மா. நீ பாக்கக் கூடாதது. அடுத்தவங்க எழுதினதை எட்டிப் பாக்கறது தப்புன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். நான் அவர் தலையையே பார்த்தேன். காற்றில் இரண்டு முடி நகர்ந்திருந்தது, தடவி ஒட்டிக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "அக்காகிட்ட எதுவும் சொல்லிடாத. குடும்பம்னா நாலும் இருக்கும். அவ தாங்க மாட்டா."

சரி என்று தலையாட்டினேன். அவருக்காக ஆட்டவில்லை. அக்காவுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை, நான் ஏன் அவள் தலையில் கல்லைப் போட வேண்டும்? இப்படி எண்ணிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அக்கா பின்னறையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"பாத்தியா? அவர் சொன்னபடி செஞ்சுட்டார் பாத்தியா? நீ அவரைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருப்ப. ஒரு வார்த்தை சொன்னா போதும்னார்ல? இன்னைக்கு வந்ததும் அவர் கால்ல விழுந்து கும்பிடு."

காலில் விழுவதா! எனக்குள் எதுவோ அறுந்தது. தலையாட்டிக் கொடுத்த வாக்கு காற்றில் போக, கைபேசியை எடுத்தேன். "உன் வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தை என்னன்னு கேளு" என்று வாசிக்க ஆரம்பித்தேன். "என் மனைவியின் தங்கை. மனநிலை சரியில்லாதவர்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்யமாட்டார்" என்றாள்.

நான் அந்த வரியை இன்னும் வாசிக்கவே இல்லை.

"பொறுப்பான பணி எதையும் நம்பி ஒப்படைக்க இயலாது" என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "குடும்பத்தை நெருங்கி அறிந்த காரணத்தால் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அப்படித்தானே இருக்கு?"

"உனக்கு எப்படிக்கா..."

"கடைக்காரர் மேஜை மேல வச்சு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினார்டி. கடைசியில கையெழுத்து இல்ல."

எட்டு வருடத்துக்கு முந்தைய மொட்டைக் கடிதம். அதே வரிகள், ஓர் எழுத்து மாறவில்லை. எங்கேயோ பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறார், தேவைப்பட்டபோது எடுத்து ஒட்டியிருக்கிறார். பெண்டாட்டியின் பிழைப்பைக் கெடுக்க ஒரு தடவை, அவள் தங்கையின் பிழைப்பைக் கெடுக்க ஒரு தடவை. துரோகம் செய்வதற்குக்கூடப் புதிதாக நாலு வார்த்தை யோசிக்காத பிறவி. முதல் தடவை எழுதும்போது பெயரை மறைக்கத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை மறைந்திருக்கிறது என்று நம்பிவிட்டார், திரையில்தான் காட்டவில்லையே.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "குடும்பத்தை அறிஞ்சவங்கன்னு இருந்துச்சா, நம்ம வீட்டுக்கு வந்து போறவ அந்தப் பக்கத்து மேஜைக்காரி ஒருத்திதானே... அவதான்னு நினைச்சுட்டேன். பாப்பாவைப் பாக்க வந்தாடி. கம்பளியில குல்லா பின்னி எடுத்துக்கிட்டு வந்தா. கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா, நான் உள்ள இருந்துக்கிட்டே திறக்கல. குல்லாவை வாசல் கைப்பிடியில மாட்டிட்டுப் போயிட்டா." பிறகு, "இவர்தான் அதை எடுத்து வந்து குப்பையில போட்டார். பொறாமைக்காரி கொடுத்தது குழந்தைக்கு ஆகாதுன்னார்" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து இஸ்திரிப் பெட்டியின் செருகியைப் பிடுங்கினாள், பாதி தேய்த்த சட்டையை அப்படியே விட்டாள். அலமாரியைத் திறந்து அந்தப் பெரிய கோப்பை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினாள். கண் பரிசோதனை படித்த தன் சான்றிதழை எடுத்துத் தனியே வைத்தாள். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ். பாப்பாவின் தடுப்பூசி அட்டை. தன் அடையாள அட்டை. நாலே நாலு. மீதியை, அவருடைய மூல வியாதிச் சீட்டு உட்பட, கோப்போடு கொண்டுபோய் அவர் கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள்.

"அந்தத் தையல்கடை மாடி இன்னும் இருக்காடி?"

"மாசக் கடைசி வரைக்கும் இருக்குக்கா."

அவள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பாப்பாவின் சைக்கிளைப் பார்த்தாள்.

"இது அந்த மாடிப்படியில ஏறுமா?"

"படி குறுகல். நான் தூக்கிக்கறேன்" என்றேன்.